பாலை மரத்து ஓர்க்கிட்டைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது எப்படி

எங்கள் வளவின் பின்பக்கம் நிற்கிற பழைய மாமரத்துக்குக் கீழே மாமா ஒருநாள் கொக்கத்தடியோடு நின்றார். மேலே கவட்டில் கொத்தாகத் தொங்கிய பச்சையைக் காட்டி, "உது குருவிச்சை தம்பி, விட்டால் மரத்தைத் தின்னும்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பாதிக்குமேல் கீழே வந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் அது குருவிச்சையே இல்லை. வண்டா டெசலாட்டா என்கிற காட்டு ஓர்க்கிட். ஒரு பூங்காம்பில் எட்டு மொட்டு இருந்தது, இரண்டு நாளில் எல்லாம் வாடிக் கறுத்துப்போயிற்று. மாமாவில் பிழை இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வன்னியில் பாலை, புளி, மருது, மா என்று எத்தனையோ மரத்தில் இது தொற்றிக்கொண்டு இருக்கிறது, நாங்களோ ஓர்க்கிட் என்றால் கொழும்பில் சட்டியில் விற்கிற ஊதாப் பூதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் மரத்தடியில் நின்றுகொண்டே, செடியைத் தொடாமலே, இதை எப்படிக் குடும்பத்திலிருந்து இனம் வரைக்கும் அடையாளம் காண்பது என்று எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

முதலில் குருவிச்சைக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். குருவிச்சை ஒட்டுண்ணி. குருவி அதன் பழத்தைத் தின்று, பசையுள்ள விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும், விதை முளைத்து வேரை மரத்துக்குள்ளேயே இறக்கும். அது தொற்றிய இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கியிருக்கும். அதற்குத் தடித்த மரத் தண்டும், கிளைவிட்ட கொப்பும், அகன்ற இலையும் உண்டு. ஓர்க்கிட்டின் வேர் பட்டைக்கு மேலேதான் ஓடும், உள்ளே போகாது. மரத்திலிருந்து அது ஒரு சொட்டு உணவும் எடுப்பதில்லை. மழை, பனி, காற்றில் வருகிற தூசி, பட்டையில் உக்கிக் கிடக்கிற சருகு, இவ்வளவுதான் அதன் சாப்பாடு. மரம் அதற்கு ஏறி நிற்க ஒரு இடம், அவ்வளவே. ஆகவே கிளை வீங்கியிருக்கிறதா, வேர் மேலோடு ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

எங்கே தேடுவது? காட்டுக்குள் இறங்கவே தேவையில்லை, இறங்கவும் வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிக்காத துண்டுகள் இன்னும் இருக்கின்றன, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் ஒரு பூவுக்காகவும் அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் ஊராட்கள் நடக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள். விடியவும் பொழுதுபடவும் யானை வரும். கோயில் வளவுப் பழைய மரங்கள், குளக்கட்டு மருதுகள், வாய்க்கால் ஓரம், வீட்டு வளவு, இவை போதும். கரடுமுரடான பட்டையும் பாதி நிழலும் பாதி வெயிலும் உள்ள பெரிய மரத்தைத் தேர்ந்து, அடிமரம் பிரிகிற கவட்டிலிருந்து மேலே கண்ணை ஓட்டுங்கள். ஒரு தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனில் பெரிதாக்கிப் படம் எடுத்துப் பாருங்கள்.

கண்டுவிட்டீர்கள் என்றால் வேரிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் பூவைத்தான் தேடுகிறார்கள், பூ வருடம் முழுக்க இருக்காது, வேர் எப்போதும் இருக்கும். பென்சில் பருமனில், சாம்பல் பூசின மாதிரி வெள்ளையாக, பட்டையோடு பட்டையாக நெடுக ஓடும், சில வேர் காற்றில் சும்மா தொங்கும். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு வேர் கிடைத்தால் போத்தல் தண்ணீரில் கொஞ்சத்தை அதன் மேல் விடுங்கள். கண் முன்னாலேயே வெள்ளை மறைந்து பச்சை மேலெழும்பும். முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு முழுதாக. ஏனென்றால் வேரின் வெளிப்பக்கம் வெலமன் என்று ஒரு உறை இருக்கிறது, செத்த கலங்களால் ஆனது, காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிரம்பி வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் பட்டால் பஞ்சு மாதிரி உறிஞ்சிக் கண்ணாடியாகிவிடும், அப்போது உள்ளே இருக்கிற பச்சையம் வெளியே தெரிகிறது. அதாவது இந்தச் செடி வேராலும் உணவு தயாரிக்கிறது. ஆனி ஆடியில் சோளகக் காற்று அடித்து ஊரே காய்ந்து கிடக்கையில் இது எப்படி உயிர் பிடிக்கிறது என்று கேட்டால் விடையில் பாதி இங்கே இருக்கிறது. மிச்சப் பாதி இலையில் இருக்கிறது: கற்றாழை, அன்னாசி மாதிரி இதுவும் பகலில் இலைவாயை மூடிவிட்டு இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து வைத்துக்கொள்ளும், தண்ணீர் வீணாகாது.

அடுத்தது தண்டு. இதுதான் வண்டாவையும் வேறு ஓர்க்கிட்டுகளையும் பிரிக்கிற முதல் கத்தி. வண்டாவின் தண்டு ஒரே நுனியில் மேலே மேலே வளர்ந்துகொண்டு போகும், இலைகள் இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒன்றின் அடி மற்றதைத் தழுவிக்கொண்டு, பனையோலை விசிறியை இறுக்கி வைத்த மாதிரி இரண்டு வரிசையில் நிற்கும். அடியில் கிழங்கு மாதிரி வீங்கிய எதுவும் இருக்காது. அடியில் முட்டை வடிவில் குமிழ்கள் கூட்டமாக இருந்து, அவற்றிலிருந்து நீளத் தோல் போன்ற இலைகள் பத்தை கட்டி, பூங்கொத்து கீழே தொங்கினால் அது சிம்பிடியம், வேறு சாதி. இலை வட்டமாக, பென்சில் போலத் திரண்டிருந்தால் லூசியா. இந்த இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

இலை நீள வார் போல, ஒரு சாணளவு, நடுவில் மடிந்து வாய்க்கால் மாதிரிக் குழிந்து, வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். நுனியைப் பாருங்கள். இந்த ஒரு இடத்தைக் கட்டாயம் படம் எடுக்க வேண்டும். கூராகவோ வட்டமாகவோ முடியாமல், எலி கடித்துவிட்டுப் போனது மாதிரி, சமனில்லாத இரண்டு மூன்று பல்லோடு வெட்டுப்பட்டு முடியும். பூச்சி தின்றது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், எல்லா இலையும் அப்படியே இருந்தால் அது அதன் இயல்பு. ஆனால் கடிபட்ட நுனி வண்டாவுக்கு மட்டும் உரியதில்லை. அக்காம்பே பிறேமோர்சா என்று ஒன்று இருக்கிறது, பிறேமோர்சா என்றாலே நுனி கடிபட்டது என்றுதான் இலத்தீனில் பொருள். நரிவால் போலப் பூக்கொத்துத் தொங்குகிற ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசாவின் இலையும் கிட்டத்தட்ட இதே சாயல். அதனால் இலையை வைத்து "வண்டாவாக இருக்கலாம்" என்பது வரைதான் போக வேண்டும். பூ வரும்வரை பெயரை எழுதி மூடிவிடக்கூடாது.

சரி, பூ. அவசரப்படாமல் இருந்து பார்க்க வேண்டிய இடம் இது. இலைக் கக்கத்திலிருந்து ஒரு காம்பு நிமிர்ந்து வரும், அதில் ஐந்து முதல் பன்னிரண்டு பூ வரை இருக்கும், ஒவ்வொன்றும் நான்கு ஐந்து சென்ரிமீற்றர் அகலம். அக்காம்பேயின் பூ இதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது, நெருக்கமாகக் குவிந்திருக்கும், ஆகவே அளவிலேயே பிரிந்துவிடும். ரிங்கோஸ்டைலிஸின் பூ வெள்ளையும் ஊதாவுமாக நூற்றுக்கு மேல் நெருங்கித் தொங்கும், அதையும் குழப்ப வழியில்லை. வண்டா டெசலாட்டாவின் இதழ் பச்சை மஞ்சளாகவோ சாம்பல் நீலமாகவோ இருக்கும், அதன் மேல் மண்ணிறத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கும். வாய்க்கால் வரம்பு கட்டின வயலை உயரத்தில் இருந்து பார்ப்பது போல இருக்கும். டெசலாட்டா என்ற பெயர் இந்தக் கட்டங்களைத்தான் சொல்கிறது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், அதாவது பூவைப் பிடுங்காமல் நீங்கள் மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தால், இதழ்களின் முதுகு வெள்ளை. விளிம்பு அலை அலையாக நெளிந்திருக்கும். கிட்டப் போனால் மணக்கும்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஊரில் ஒரு மரத்துப் பூ மஞ்சளாகவும் அடுத்த மரத்துப் பூ தவிட்டு நிறமாகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே இனம்தான். வடிவத்தைப் பாருங்கள். வெளியில் மூன்று புல்லியிதழ், உள்ளே மூன்று அல்லியிதழ், அந்த மூன்றில் ஒன்று மாறிப்போய் உதடாகியிருக்கும். பூச்சி வந்து இறங்குகிற திண்ணை அது. வண்டாவின் உதட்டுக்கு மூன்று மடல். பக்கத்து மடல் இரண்டும் சின்னதாக வெள்ளையாக நிமிர்ந்திருக்கும், நடு மடல் வயலின் பெட்டி மாதிரி இடுப்பு ஒடுங்கி நுனியில் அகன்று ஊதா அல்லது நீல ஊதாவில் இருக்கும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் உதட்டின் அடியில் கட்டையான ஒரு கூம்பு முள் தெரியும், அதுவும் அடையாளம். இன்னொன்று: பூவுக்கும் தண்டுக்கும் இடையில் இருக்கிற காம்பை உற்றுப் பாருங்கள், முறுக்கின கயிறு மாதிரித் திருகியிருக்கும். மொட்டாக இருக்கும்போது உதடு மேலேதான் இருந்தது, விரிகிறபோது பூ அரை வட்டம் சுழன்று உதட்டைக் கீழே கொண்டுவருகிறது. நான் இதை முதல் முதல் கண்டபோது நீண்ட நேரம் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை.

நடுவில் கேசரமும் சூலகத் தம்பமும் தனித்தனியாகத் தெரியாது. இரண்டும் ஒன்றாகக் கூடி ஒரு கட்டைத் தூணாகியிருக்கும். ஓர்க்கிட் குடும்பத்தின் முத்திரை இதுதான். கீழே உதிர்ந்த அல்லது வாடத் தொடங்கின ஒரு பூ கிடைத்தால் (நல்ல பூவில் செய்யாதீர்கள்) ஒரு ஈர்க்கை எடுத்துத் தூணின் நுனியில், மூடி போல இருப்பதற்குக் கீழே மெதுவாகத் தொட்டு இழுங்கள். ஈர்க்கு நுனியில் மஞ்சளாக, மெழுகு உருண்டை மாதிரி இரண்டு சின்ன மணி, ஒரு பட்டி, பட்டியின் அடியில் பசைத் தட்டு, எல்லாம் ஒரே துண்டாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த உருண்டைதான் முழு மகரந்தமும். மற்றப் பூக்கள் தூளாகத் தூவுகிற மகரந்தத்தை இது பொதி கட்டிப் பூச்சியின் உடம்பில் ஒட்டிவிடுகிறது.

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். இவ்வளவு பார்த்தவர்களுக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் அல்ல, பார்த்ததை மேலிருந்து கீழே ஒழுங்காக அடுக்குவதுதான். ஒரு சொல் விளக்கம் முதலில்: நாங்கள் உயர்தர உயிரியலில் சாதி, இனம் என்று படித்ததைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பேரினம், சிற்றினம் என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான், தேடும்போது குழம்ப வேண்டாம். ஒருவித்திலைத் தாவரம். வருணம், அதாவது குடும்பத்துக்கு மேலே உள்ள படி, அஸ்பராகேல்ஸ். வெங்காயம், உள்ளி, கற்றாழை, மருள், சாத்தாவாரி எல்லாம் இதே வருணத்துக்குள் வருகின்றன, ஆகவே கறிக்கு அரிகிற வெங்காயமும் இந்தப் பூவும் தூரத்துச் சொந்தம். குடும்பம் ஓர்க்கிடேசியே. உலகத்தில் சுமார் 28,000 இனம், இலங்கையில் 180க்கு மேல். இந்தக் குடும்பத்தை ஐந்து துணைக்குடும்பமாகப் பிரிக்கிறார்கள். அதில் மூன்றுக்கு வறண்ட வலயத்திலேயே ஆள் உண்டு: இலையே இல்லாமல் பச்சைக் கயிறு போலப் பற்றை மேல் ஏறுகிற காட்டு வனிலா ஒரு துணைக்குடும்பம், மாரி மழைக்குத் தரையில் முளைக்கிற ஹபெனாரியா இன்னொன்று, மரத்தில் தொற்றுகிற எங்கள் வண்டா மூன்றாவது. அதன் பெயர் எப்பிடென்ட்ரொயிடேயே. ஒரே மகரந்தக்கூடு, மெழுகு உருண்டை மகரந்தம், இரண்டையும் ஈர்க்கு நுனியில் பார்த்தோமே, அதுதான் இந்த இடத்துக்கான சாட்சி. அதற்குள்ளே வண்டியே என்ற கூட்டம், அதற்குள் ஏரிடினே என்ற துணைக்கூட்டம். ஒரே நுனியில் வளர்கிற தண்டு, வெலமன் வேர், பட்டியும் பசைத் தட்டும், இவை அங்கே கொண்டுபோய் விடும். சாதி வண்டா. இனம் டெசலாட்டா.

பெயரின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பழைய புத்தகம் பார்க்கும்போது உதவும். வண்டா என்பது மரத்தில் தொற்றி வளர்கிற செடிகளுக்கான சமஸ்கிருதச் சொல். மாமா சொன்ன குருவிச்சையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும், ஆக அந்தக் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. சமஸ்கிருதம் படித்த ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சொல்லைத் தாவரவியலுக்குக் கொண்டுவந்தார். 1795 இல் தாவரவியலாளர் வில்லியம் ரொக்ஸ்பேர்க் சோழமண்டலக் கரைச் செடிகளைப் படத்தோடு வெளியிட்டபோது இதற்கு எப்பிடென்ட்ரம் டெசலாட்டம் என்று பெயர் வைத்தார். எப்பிடென்ட்ரம் என்றால் கிரேக்கத்தில் மரத்தின் மேல் என்று அர்த்தம், அந்தக் காலத்தில் மரத்தில் நின்ற ஓர்க்கிட் எல்லாவற்றையும் அந்த ஒரே பையில்தான் போட்டார்கள். 1820 இல் ரொபேர்ட் பிறவுண் வண்டாவைத் தனிச் சாதியாக எடுத்து, இந்தச் செடியை வண்டா ரொக்ஸ்பேர்கி என்றார். பழைய மருந்து நூல்களில் இந்தப் பெயர்தான் இருக்கும், வேறு செடி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் இனப்பெயரில் முந்தியது டெசலாட்டாதான், ஆகவே 1830 முதல் வண்டா டெசலாட்டா என்று வந்து அதுவே நிலைத்தது. முழுப் பெயர் வண்டா டெசலாட்டா (ரொக்ஸ்ப்.) ஹூக். எக்ஸ் ஜி. டொன் என்று இருக்கும். அடைப்புக்குள் இருப்பவர் இனப்பெயரை முதலில் வைத்தவர், வெளியில் இருப்பவர்கள் இன்றைய சாதிக்கு மாற்றியவர்கள், எக்ஸ் என்றால் ஹூக்கர் கருதிய பெயரை டொன் முறைப்படி வெளியிட்டார் என்று பொருள். இந்த வரியை வாசிக்கப் பழகினால் எந்தச் செடியின் பெயரையும் வாசித்துவிடலாம்.

வண்டா சாதி முழுவதற்கும் மாதிரி இனம் இதுதான். சாதி எப்படி உடைந்தாலும் சேர்ந்தாலும் வண்டா என்ற பெயர் இந்தச் செடியோடுதான் போகும். உடைவதும் சேர்வதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சிங்கப்பூரின் தேசிய மலரை வண்டா மிஸ் ஜோக்கிம் என்று எல்லாரும் சொல்கிறோம், தாவரவியலில் அது இன்று பப்பிலியோனாந்தே. எதிர்ப்பக்கமாக, 2012 இல் சில சின்னச் சாதிகளை வண்டாவுக்குள் சேர்த்தார்கள். எங்கள் பக்கத்து இன்னொரு இனமும் இப்படி அலைந்தது: நீளத் தண்டும் கட்டை இலையும் மஞ்சள் பூவுமாகப் பற்றைகளில் ஏறுகிற வண்டா ஸ்பத்துலாட்டா. லின்னேயஸ் 1753 இல் அதையும் எப்பிடென்ட்ரம் என்றார், பிறகு வண்டாவுக்குள் வந்தது, 1992 இல் இலங்கையின் பழைய பெயரை வைத்துத் தப்ரோபேனியா என்று தனிச் சாதியே கொடுத்தார்கள், ஆகவே புத்தகத்துக்குப் புத்தகம் இரண்டு பெயரும் வரும்.

படம் எடுப்பது பற்றி. ஒரு பூவின் அழகான படம் ஒன்றை வைத்து யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. மரத்தோடு முழுச் செடி, தண்டில் இலை அடுக்கு, இலை நுனி, வேர், பூ முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், காய் இருந்தால் காய். ஒரு ஈர்க்கையோ பேனையையோ பக்கத்தில் பிடித்து எடுத்தால் அளவும் தெரியும். மரத்தின் பெயரையும் திகதியையும் அன்றே எழுதிவையுங்கள். செடி, உயிரினப் படங்களைப் பகிர்ந்து பெயர் கண்டுபிடிக்கிற ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையத்தளத்தில் ஏற்றுவதென்றால் இடத்தை மறைக்கிற தெரிவைப் போடுங்கள், அப்போது சரியான புள்ளிக்குப் பதில் இருபது கிலோமீற்றர் அளவான கட்டம்தான் மற்றவர்களுக்குத் தெரியும். இந்தக் குளக்கட்டு, இந்த மரம் என்று முகநூலில் போட்டால் அடுத்த கிழமை அந்த மரத்தில் செடி இருக்காது. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டுச் செடி, விலங்குகளின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டீஸ் உடன்படிக்கைக்குள் வருகிறது, ஒதுக்கக் காட்டிலிருந்து செடி எடுப்பதும் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இதன் விதை தூசி மாதிரி, உள்ளே முளைக்கு ஊட்டச் சேமிப்பே இல்லை, பட்டையில் சரியான பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருந்தும் ஒன்றிரண்டுதான் தப்பும், அது பூக்கவும் வருடக் கணக்காகும். அப்படி வந்த ஒன்றைத்தான் பிடுங்குகிறோம்.

காற்றுக்கு உங்கள் வளவிலேயே கிளை முறிந்து செடி விழுந்துவிட்டால் மட்டும் அதைக் காப்பாற்றலாம். மண்ணில் நடாதீர்கள், அழுகிவிடும். கிளைத் துண்டோடு இருந்தால் துண்டோடே எடுத்து, பட்டை கரடாக உள்ள மா, வேம்பு, புளி ஏதாவது ஒன்றில் காலை வெயில் படுகிற பக்கம் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். கொய்யா மாதிரிப் பட்டை உரிக்கிற மரம் சரிவராது. தண்டைக் கட்டுங்கள், வேரை மூடிக் கட்டாதீர்கள். மாரி தொடங்குகிற ஐப்பசியில் கட்டினால் வேலை குறைவு, கோடையில் என்றால் விடியற்காலையில் வேருக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாமா வெட்டிப் போட்டதில் மிஞ்சிய துண்டை நாங்கள் அந்த மாமரத்திலேயே அப்படித்தான் கட்டினோம், தடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமாதான். முதலில் இலை சுருங்கிக் கிடந்தது. பிறகு அடியில் பச்சை நுனியோடு ஒரு புது வேர் வெளிவந்து, காற்றில் கொஞ்ச நாள் நின்று, வளைந்து பட்டையைத் தொட்டது. வேர் பட்டையைப் பிடித்துவிட்டால் நாரை அறுத்துவிடலாம்.